மெழுகெலும்பு வியாதியும் பரம்பரைப் பழியும்

(ஒரு மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வியாதியைப் பற்றியதாகும். நான் வைத்தியனல்ல, கல்லூரி வாசலை மிதித்தவனுமல்ல. என்றாலும், அறிஞர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்து வெளியிட்ட ஒரு சங்கதியைப் படித்துத் தெரிந்துகொண்டவன், அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லப் பட்டம் ஒன்றும் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடும்படி உங்களைக் கேட்கவில்லை. கேளுங்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள், சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பேசி முடித்தபின், வயதான விவசாயி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா! என் மகனுக்கு ஒரு கால் எலும்பு கோணிப் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், 'உங்கள் ரத்தத்திலேயே கோளாறு இருக்கிறது' என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள். என் சம்சாரமோ தன் பிறந்த வீட்டுப் பாவந்தான் இப்படி வந்தது என்று அழுகிறாள். இது நிஜந்தானா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பேசக் கூடாதென்று, படித்துவிட்டுச் சொல்லுகிறேன் என்று வந்துவிட்டேன். அப்படிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பேச்சு.

தோழர்களே! மெலோரியோஸ்டோசிஸ் என்று ஒரு எலும்பு வியாதி உண்டு. 1922-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து வைத்தியர்களாகிய லேரி, ஜோவானி என்ற இருவர் அதை முதன் முதல் விவரித்து எழுதினார்கள். எரிகிற மெழுகுவர்த்தியின் பக்கத்தில் மெழுகு உருகி வழிந்து உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்ரே படத்தில் இந்த வியாதிக்காரரின் எலும்பு அப்படித்தான் தெரியும். எலும்பின் மேல் எலும்பு வழிந்து கிடக்கும். பெரும்பாலும் ஒரு கை அல்லது ஒரு காலில் வரும். வலி இருக்கும், மூட்டு மடங்காது, அங்கம் கோணும். மற்றக் கைகால்களோ நன்றாயிருக்கும். இது மிக அபூர்வமானது. உலகம் முழுவதிலும் அறியப்பட்டவர்கள் சுமார் 400 பேர்தான் என்று சொல்லுகிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன? 1922-ல் பெயர் வைத்தாயிற்று. காரணம் மாத்திரம் அகப்படவில்லை. இடையில், 2004-ல், எலும்பில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு விழும் வேறொரு பரம்பரை வியாதிக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களிலே சிலருக்கு மெழுகெலும்பும் இருந்தபடியால், இதற்கும் அதுவே காரணமாயிருக்கலாமென்று நினைத்தார்கள். ஆனால், குடும்பத்தில் வேறு எவருக்குமில்லாமல் தனியாக இந்த வியாதி வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, அந்தப் பிழை அங்கே காணப்படவில்லை.

ஏன் காணப்படவில்லை? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை சோற்றுக்கு அது சரி. ஆனால் இந்த வியாதிக்கு அந்தப் பழமொழி உதவவில்லை. ரத்தத்தில் ஒரு துளி எடுத்துப் பார்த்து, உடம்பு முழுவதற்கும் அதுவே பதம் என்று எண்ணியதுதான் தவறு.

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பெதஸ்டா என்ற ஊரில் தேசிய சுகாதார நிலையங்கள் என்ற அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கிறது. அங்கே எலும்பு அறுவை வைத்தியராகிய திமோத்தி பட்டாச்சார்யா என்பவரும், எலும்பு வியாதிகளை ஆராயும் ஜோன் மரீனி என்ற அம்மையாரும் தங்கள் சகாக்களுடன் வேறு வழியில் யோசித்தார்கள். "ஒரு மனிதனுடைய கெட்டுப்போன எலும்பை இன்னொரு மனிதனுடைய எலும்போடு ஒப்பிடுவானேன்? அவனுடைய நல்ல எலும்போடேயே ஒப்பிட்டால் என்ன?" என்பதுதான் அந்த யோசனை.

ஆனால் அதற்கு நோயாளி சம்மதிக்க வேண்டுமே! நோயுள்ள எலும்பில் ஒரு துண்டு வெட்டியெடுக்க வேண்டும். நோயில்லாத நல்ல எலும்பிலும் ஒரு துண்டு வெட்டியெடுக்க வேண்டும். ஏற்கனவே வலியால் வாடுகிறவரிடம் போய், "உங்கள் நல்ல எலும்பிலும் கொஞ்சம் கொடுங்கள், இதனால் உங்கள் வியாதி தீருமென்று நாங்கள் சொல்ல முடியாது" என்று கேட்டால் எத்தனை பேர் ஒப்புவார்கள்? ஒருவருக்கொருவர் எவ்வித உறவுமில்லாத 15 பேர் ஒப்பினார்கள். தங்களுக்குக் கிடைக்குமென்ற நிச்சயமில்லாத நன்மையை, பின்னால் வருகிறவர்களுக்காவது கிடைக்கட்டுமென்று கொடுத்த அந்த 15 பேரின் காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2018-ல் முடிவு வெளியாயிற்று. 15 பேரில் 8 பேருடைய நோயுள்ள எலும்பில், எம்.ஏ.பி.2கே.1 என்ற மரபணுவில் எழுத்துப் பிழை இருந்தது. அதே மனிதருடைய நல்ல எலும்பில் அந்தப் பிழை இல்லை! உயிரணு வளர வேண்டுமென்ற உத்தரவை உள்ளே கடத்துகிற வேலை அந்த மரபணுவைச் சேர்ந்தது. பிழை விழுந்தால் உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டேயிருக்கும். அதனால் எலும்பு கட்டும் அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. மீதிப் பேரில் சிலருக்கு எஸ்.எம்.ஏ.டி.3 என்ற வேறொரு மரபணுவில் அதே மாதிரிப் பிழை இருப்பதை 2020-ல் வெளியிட்டார்கள்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு உதாரணம் சொல்லுகிறேன். ஒரு குமாஸ்தா ஒரு பத்திரத்தைப் பார்த்து நகல் எழுதுகிறார். அந்த நகலைப் பார்த்து இன்னொருவர், அதைப் பார்த்து மற்றொருவர் என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். நடுவில் ஒருவர் கைதவறி ஒரு எழுத்தை மாற்றிவிடுகிறார். அந்த நகலிலிருந்து எழுதப்பட்ட நகல்களிலெல்லாம் அந்தப் பிழை இருக்கும். மற்ற நகல்களில் இராது. மூலப் பத்திரத்திலோ இராது! தாய் தகப்பனிடமிருந்து வந்தது மூலப் பத்திரம். கரு உண்டான பிறகு, அணு இரண்டாகி, நாலாகி, எட்டாகிப் பெருகும் வழியிலே எங்கோ ஓரிடத்தில் கைதவறியதுதான் இந்த வியாதி. இதற்குத் தாய் என்ன செய்வாள்? தகப்பன் என்ன செய்வான்? மூலப் பத்திரம் எழுதினவர்களைப் பிடித்து நகல் பிழைக்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

இங்கே நம் மொழியிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. மரபணு என்று சொன்னவுடனே மரபு, அதாவது பரம்பரை என்று மனம் ஓடிவிடுகிறது. மரபணுவில் கோளாறு என்பது வேறு. பரம்பரையாய் வந்த கோளாறு என்பது வேறு. பிழை எலும்பு அணுவில்தான் இருக்கிறது. வித்திலே இல்லாதபோது பிள்ளைக்குப் போவதெப்படி? கூடப் பிறந்த தங்கைக்கு வருவதெப்படி? முன் ஜென்மத்துப் பாவம் என்பாரைக் கேட்கிறேன்: அந்தப் பாவம் ஒரு காலில் மாத்திரம் இறங்கி, மறு காலுக்கு மன்னிப்புக் கொடுத்தது என்ன கணக்கு?

அதற்காக, எலும்பு வியாதி எதுவுமே பரம்பரையல்ல என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. தொட்டால் எலும்பு முறியும் வியாதிகளில் அநேகம் பெற்றோரிடமிருந்து வரக்கூடியவைதாம். ஒன்றும் பாராமல் "பரம்பரை" என்பதும் மூடநம்பிக்கை. ஒன்றும் பாராமல் "பரம்பரையல்ல" என்பதும் மூடநம்பிக்கையே. அந்தப் பெரியவரின் மகனுக்கு இருப்பது எந்த வியாதி என்று நான் மேடையிலிருந்து சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தெரிந்த வைத்தியர் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களும் சொல்ல முடியாது. ஜோசியரும் சொல்ல முடியாது.

மருந்து கிடைத்துவிட்டதா என்பீர்கள். இதைத் தீர்த்துவிடும் மருந்து வந்துவிட்டதென்று சொன்னால் நானும் தாயத்து விற்கிறவனாவேன். ஆனால், வளர்ச்சி உத்தரவைத் தடுக்கும் மருந்துகள் சிலவகைப் புற்றுநோய்களுக்கு ஏற்கனவே உபயோகத்திலிருக்கின்றன. காரணம் தெரிந்த பிறகல்லவா மருந்தைத் தேடுவதற்கு வழி தெரியும்? 1922-லிருந்து 2018 வரை 96 வருஷம் ஆயிற்று. தலைவிதி என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் 960 வருஷமானாலும் ஆகியிராது.

ஆகவே, தோழர்களே! உங்கள் தெருவில் அங்கம் கோணிய ஒருவர் இருந்தால், அவர் வீட்டாரை "ரத்தம் கெட்டவர்கள்" என்று சொல்லுவதற்கு முன், "வைத்தியரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள். இந்தப் பேச்சினால் அந்த ஒரு கேள்வி உங்கள் வாயில் வருமானால் எனக்கு அது போதும். அந்தப் பெரியவர் வீட்டுக்கு நாளைக் காலையில் நான் போகிறேன். அவருக்கும் இதையேதான் சொல்லப் போகிறேன். அவர் மனைவியாரிடம் முதலில் சொல்லப் போகிறேன்.