சிலாங்கூர் அளித்த இரண்டு வாக்கு



ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த அக்காள், தம்பி இருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அக்காள் திருமணமாகிக் கிள்ளானில் குடியிருக்கிறார். தம்பி வேலை தேடி வந்து பிரிக்பீல்ட்சில் தங்கியிருக்கிறார். 2008ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பொதுத் தேர்தல். வாக்குச் சாவடியில் அக்காளுக்கு இரண்டு சீட்டுகள் கொடுத்தார்கள். தம்பிக்கு ஒன்றுதான். மாலையில் தொலைபேசியில் பேசும்போது தம்பி கேட்கிறார்: “என்னக்கா, என்னை ஏமாற்றிவிட்டார்களா?”

யாரும் ஏமாற்றவில்லை. அக்காளின் ஒரு சீட்டு நாடாளுமன்றத்துக்கு உரியது. மற்றது ஷா ஆலமில் கூடும் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு உரியது. தம்பி வாழும் கோலாலம்பூரோ கூட்டரசுப் பிரதேசம். அதற்குச் சட்டமன்றம் கிடையாது.

முன்பு அப்படி இல்லை. 1969 மே 10ஆம் நாள் நடந்த தேர்தலில் கோலாலம்பூர்வாசிகளும் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார்கள். மொத்தம் 28 இடங்களில் ஆளும் கூட்டணிக்கு 14, மற்றவர்களுக்கு 14. தராசின் இரண்டு தட்டும் சமமாக நின்றன. அதன்பின் வந்த துயர நாட்களை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டது. தம்பியின் இரண்டாவது சீட்டு அன்றே போயிற்று.

நம் நாட்டில் பிரதமரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்தின் 222 உறுப்பினர்களுள் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவரை மாமன்னர் பிரதமராக நியமிக்கிறார். ஆகவே நாட்டின் ஆட்சியைப்பற்றி ஒரு மாநிலம் என்ன எண்ணுகிறது என்பதை, அதன் தொகுதிகளை எண்ணித்தான் அறிய வேண்டும். சிலாங்கூருக்கு 22 தொகுதிகள். அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும்போதும் மாநிலம் மாநிலமாகத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் புளோரிடா என்ற ஒரே மாநிலத்தில் 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்றதால் புஷ் அதிபரானார். நாடு முழுவதும் எண்ணினால் அவரை எதிர்த்த கோர் ஐந்து இலட்சத்துக்கும் மேலான வாக்குகள் அதிகம் பெற்றிருந்தார். இருந்தும் தோற்றவர் அவரே.

சிலாங்கூருக்கு வருவோம். 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்த மாநிலத்தின் 22 நாடாளுமன்றத் தொகுதிகளையும் தேசிய முன்னணியே வென்றது. சட்டமன்றத்தில் 56இல் 54. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2008இல் நாடாளுமன்றத் தொகுதிகளுள் 17 எதிர்க்கட்சிகளுக்குப் போயின. சட்டமன்றத்தில் 36 போயின. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி உயர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. 2007 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் உடைக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் நாள் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இண்ட்ராப் அழைப்பின்பேரில் கோலாலம்பூரில் திரண்டார்கள். அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். பக்கத்திலுள்ள கோத்தா ராஜா, நம்மவர்கள் மிக அதிகமாக வாழும் தொகுதிகளுள் ஒன்று. அங்கே ம.இ.கா. வேட்பாளர் தோற்றார். வென்றவர் பாஸ் கட்சியின் டாக்டர் சித்தி மரியா. இப்படி நடக்கும் என்று ஐந்தாண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் பெரட்டுக்களமே சிரித்திருக்கும்.

ஆனால் நாடு முழுவதும் எண்ணியபோது தேசிய முன்னணிக்கு 140 இடங்கள் கிடைத்தன. பிரதமர் மாறவில்லை. அக்காள் அன்று போட்ட இரண்டு சீட்டுகளுள் ஒன்று மாநில ஆட்சியை மாற்றியது, மற்றொன்று நாட்டின் ஆட்சியை மாற்றவில்லை. தம்பியின் கதை இன்னும் விநோதமானது. கோலாலம்பூரின் 11 தொகுதிகளுள் 10 எதிர்க்கட்சிகளுக்குச் சென்றன. அப்படியிருந்தும் மாநகர மன்றத்தின் டத்தோ பண்டாரை நியமிப்பது கூட்டரசின் கையிலேயே இருந்தது.

எந்தச் சீட்டுக்கு என்ன பலன்? தோட்டக் குடும்பங்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதிப்பதும், ஆலயத்துக்கு நிலம் ஒதுக்குவதும், நகராண்மைக் கழகத்தை நடத்துவதும் ஷா ஆலமில் தீர்மானமாகின்றன. குடியுரிமை, கல்வி, தொழிலாளர் சட்டம் ஆகியவை கூட்டரசுக்கு உரியவை. தமிழ்ப்பள்ளி கூட்டரசின் பொறுப்பு, அது நிற்கும் நிலமோ மாநிலத்தின் விவகாரம். ஆகவேதான் ஒரே மனுவைச் சுமந்துகொண்டு இரண்டு அலுவலகங்களின் படிகளையும் ஏற வேண்டியிருக்கிறது. 2008 ஜூன் முதல் சிலாங்கூர் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமாகக் கிடைத்ததே, அது சட்டமன்றச் சீட்டின் பலன். (2020இல் அது குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது.)

“என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உலு சிலாங்கூரைப் பார்க்கட்டும். செம்பனையும் இரப்பரும் நிறைந்த தொகுதி அது. 2008இல் ம.இ.கா.வின் பழனிவேல் அங்கே 198 வாக்குகளில் தோற்றார். வீட்டுக்கு நான்கு வாக்கு என்றால் ஐம்பது வீடுகள். ஒரு நடுத்தரத் தோட்டத்து லயங்களில் அவ்வளவு இருக்கும். வென்றவர் காலமானதால் 2010 ஏப்ரல் 25ஆம் நாள் இடைத்தேர்தல் வந்தது. இம்முறை ம.இ.கா.வின் கமலநாதன் 1,725 வாக்குகளில் வென்றார். 2018இல் மக்கள் நீதிக் கட்சி, 2022இல் பெரிக்காத்தான் நேஷனல் என்று அந்தத் தொகுதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதே 2022இல் சிலாங்கூரின் 22 தொகுதிகளுள் பக்காத்தானுக்கு 16, பெரிக்காத்தானுக்கு 6. ஒரு காலத்தில் அனைத்தையும் வென்ற தேசிய முன்னணிக்கு ஒன்றுமில்லை.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். 2008இல் காப்பார் தொகுதியில் ஒரு இலட்சத்து 12 ஆயிரம் வாக்காளர்கள். புத்ராஜெயாவில் ஏறத்தாழ 6,600 பேர். இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர்தான். காப்பாரில் 17 பேர் சேர்ந்தால்தான் புத்ராஜெயாவின் ஒருவருக்குச் சமம்! தோட்டங்களை விட்டு வெளியேறிய நம்மவர்கள் குடியேறியது இத்தகைய நெருக்கமான தொகுதிகளில்தான்.

அந்த ஒரு வாக்கும் இல்லாதவர்கள் நம்மிடையே உண்டு. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் நிரந்தரவாசிதான், குடிமகன் அல்லர். ஆகவே அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் வராது. ஐம்பது ஆண்டு பால்மரம் வெட்டிய பாட்டிக்குச் சீட்டு கிடையாது, பேரனுக்கு உண்டு என்ற நிலை இன்றும் சில வீடுகளில் இருக்கிறது.

பேரனுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர்களாகப் பதிவாகிறார்கள். அவர்கள் எந்தத் தொகுதியில் சேர்க்கப்படுகிறார்கள்? அடையாளக் கார்டில் உள்ள முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ, அங்கேதான். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து பத்தாண்டுகள் ஆகியிருக்கும். பிள்ளையின் கார்டில் மட்டும் இல்லாத தோட்டத்தின் பெயர் இன்னும் இருக்கும். தேர்தலன்று அவன் அங்கேதான் போகவேண்டும். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். ஏற்கெனவே வாக்காளராகிவிட்டவர்கள், பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கார்டை மாற்றினால் வாக்குச் சாவடியும் தானே மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தானாக மாறுவதில்லை. தேர்தல் நாள் அறிவித்தபின் ஓடினால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது. இந்த மாதச் சம்பளத்துக்குப் பட்டணம் போகும்போது, பிள்ளைகளின் கார்டுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.