விரைவுப் பாதையும் கடைமடையும்



நகரங்களின் துரிதப் போக்குவரத்தை ஆராய்வதற்கென்று கூடுகிற ஒரு கருத்தரங்கைச் சென்னையிலோ கோவையிலோ கூட்டாமல், சுரங்க ரயிலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாததாகத் தோன்றும் ஸ்ரீவைகுண்டத்தில் கூட்டுவானேன் என்று நண்பர்கள் சிலர் வினவினார்கள். கள்ளபிரான் சந்நிதியையும் கைலாசநாதர் கோயிலையும் சேவிக்க வருகிறவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு இங்கே என்ன காரியம் என்பது அவர்கள் எண்ணம் போலும். நானோ இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் வேறில்லை என்ற கட்சியைச் சேர்ந்தவன். அதற்குக் காரணம் இவ்வூர் அணைக்கட்டு.

தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது இது. மேலே உள்ள ஏழும் பழைய மன்னர் காலத்தவை. இது மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில், 1873-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் வழியிலுள்ள குளங்களை நிரப்பிக்கொண்டே செல்ல, வடகால் தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளம்வரை போய்ச் சேருகிறது. அணையின் கருங்கல் எத்தனை உறுதி, மதகின் வேலைப்பாடு எத்தனை நேர்த்தி என்று இப்பகுதி விவசாயி எவரும் விசாரித்து நான் கேட்டதில்லை. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் கடைமடை வயலில் தண்ணீர் பாய்ந்ததா என்பதே அவர் கேள்வி. பாயவில்லை என்றால், தலைமதகில் எவ்வளவு வெள்ளம் புரண்டாலும் அந்த அணை அவரைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமானம். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிட்டு நாம் நிர்மாணிக்கிற விரைவு ரயில் பாதைகளையும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் விஷயம்.

சென்னையின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1895-ல் அந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1931-ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் வந்தது. முன்னதாகவே பாதை சென்று சேர்ந்திருந்தபடியால், தெற்கே சிறு கிராமங்களாக இருந்த இடங்களெல்லாம் அந்த ரயிலின் நிழலிலேயே குடியிருப்புகளாக விஸ்தாரமடைந்தன. நிலையத்தை மையமாக வைத்துக் கடைவீதியும் பள்ளிக்கூடமும் தாமாக வளர்ந்த அந்தக் காலத்துப் புறநகரில், வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து போவது ஒரு பிரச்சினையாகவே தோன்றியிராது. டிராம் 1953-ல் நின்றது. நகரமோ நிற்கவில்லை, 1965-ல் திட்டக் கமிஷன் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் போக்குவரத்தை ஆராய ஒரு குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆராய்ச்சிகளின் வழியில் பிறந்ததே சென்னைவாசிகள் ‘பறக்கும் ரயில்’ என்று செல்லமாக அழைக்கும் பாதை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்முடைய பெருமிதங்களைவிட நம்முடைய தவறுகளே நமக்கு நல்ல ஆசிரியர்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை 1995-லும், திருமயிலைவரை 1997-லும், வேளச்சேரிவரை 2007-லும் ஆக, சுமார் 19 கிலோமீட்டர் பாதையைத் திறந்து முடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. தாமதத்தைக்கூட மன்னிக்கலாம். பாதை எவ்வழியே செல்ல வேண்டும் என்று தீர்மானித்த முறைதான் மனத்தை உறுத்துகிறது. ஜனங்கள் நெருங்கி வாழும் கடைவீதிகளின் ஊடே சென்றால் நிலம் எடுக்க வேண்டும், வீடுகளை இடிக்க வேண்டும், வழக்காட வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயோ சர்க்கார் சொத்து, கேட்பாரில்லை. ஆகவே கால்வாயின் போக்கிலேயே, பல இடங்களில் அதன் நீர்வழிக்குள்ளேயே தூண்கள் இறங்கின. ஒரு காலத்தில் படகுகள் சென்ற அந்நீர்வழி குறுகிற்று. நிலையங்களோ, கோட்டை போன்ற பெருங்கட்டடங்களாக எழுந்தும், பல காலம் ஆள் நடமாட்டமின்றியே கிடந்தன. பாதை நிலம் சுலபமாய்க் கிடைத்த இடத்தில் சென்றது. ஜனங்களோ வேறோர் இடத்தில் இருந்தார்கள். மயிலாப்பூரின் நெருக்கமான பகுதியிலே முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அருகில் ஒரு நிலையம் வேண்டும் என்பது 2014-ல்தான், அதாவது அந்த வழியாக ரயில் ஓடத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகுதான், நிறைவேறியது.

இன்னும் பெரிய வேடிக்கை வேளச்சேரிக்கு அப்பால் நடந்தது. அங்கிருந்து பரங்கிமலைவரை ஐந்து கிலோமீட்டர் நீட்டித்தால், பறக்கும் ரயிலும் தாம்பரம் ரயிலும் பின்னாளில் மெட்ரோவும் ஒரே நிலையத்தில் சந்திக்கும். வேலை 2008-ல் ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் தூரத்துக்குத் தூண்களும் பாலமும் எழுந்து நின்றபின், ஆதம்பாக்கத்தை ஒட்டிய கடைசி அரைக் கிலோமீட்டர் நிலம் எடுப்பு வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அந்த அரைக் கிலோமீட்டர் இல்லாமையால் மற்றைய நாலரைக் கிலோமீட்டரும் ஒரு பிரயாணிக்கேனும் பயன்படவில்லை. கடைமடை என்று நான் சொல்லுவது இதைத்தான்.

மெட்ரோ ரயில் விஷயத்தில் நாம் ஓரளவு தேறினோம் என்றே சொல்லலாம். 2007-ல் நிறுவனம் ஏற்பட்டு, 2009-ல் மத்திய சர்க்காரின் சம்மதம் கிடைத்து, 2015 ஜூன் 29-ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் வண்டி ஓடியது. முதற்கட்டத்தின் 45 கிலோமீட்டரில் பாதிக்கு மேற்பட்டது பூமிக்கு அடியில் சென்றபடியால், கால்வாய்க்கரையைத் தேடி ஓட வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல், அண்ணா சாலையின் அடியிலேயே, ஜனங்கள் இருக்கும் இடத்துக்கே அது போக முடிந்தது. இங்கே ஒரு சிறு விலகலைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். 1843-ஆம் ஆண்டு நம் ஜில்லாவுக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின் மேல் கட்டுவித்த பாலம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டது. அதே 1843-ல்தான் லண்டனில் தேம்ஸ் நதியின் அடியில் புரூனெல் குடைந்த சுரங்கமும் திறக்கப்பட்டது. மண் சரியாமல் தாங்கிக்கொண்டே முன்னேறும் இரும்புக் கவசம் ஒன்றை அவர் அதற்காகவே வகுத்தார். நடந்து செல்வோருக்கென்று திறந்த அச்சுரங்கத்தில் பிற்காலத்தில் ரயிலும் ஓடியது. இன்று அண்ணா சாலைக்கு அடியில் சென்ற துளைப்பு இயந்திரங்கள் அந்தக் கவசத்தின் வழிவந்தவையே. ஆற்றின் மேலே ஒருவர், ஆற்றின் கீழே ஒருவர். இருவருக்கும் நோக்கம் அக்கரை சேர்வதே.

சென்னையின் மண் அந்த இயந்திரங்களைப் படாதபாடு படுத்தியது. கிண்டிப் பக்கத்தில் கடும்பாறை. கடற்கரைப் பக்கம் சேறும் மணலும். சில இடங்களில் இரண்டும் கலந்து ஒரே குழியின் மேற்பாதி மணலாகவும் கீழ்ப்பாதி பாறையாகவும் இருக்கும். அண்ணா சாலைப் பகுதியில் ஒப்பந்தக்காரர் இடையே விலகியதால், மறுபடியும் டெண்டர் விட்டு வேலையைத் தொடர வேண்டியதாயிற்று. 2017 ஏப்ரலில் சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கிய காட்சியைப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனினும் 2019 பிப்ரவரியில் அந்தப் பகுதியும் திறக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் 9.11 கோடிப் பிரயாணங்கள், 2024-ல் 10.52 கோடி என்று எண்ணிக்கை ஏறிவருகிறது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிலோமீட்டருக்குச் சராசரி 530 கோடிக்கு மேல். அதில் ஆழ்வார்திருநகர் என்ற நிலையத்தை ஒட்டிச் சுமார் நான்கு கிலோமீட்டர் தூரம் இரண்டு பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஈரடுக்கில் செல்கின்றன என்பதை, பக்கத்து ஊரான ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஈரடுக்கு மேம்பாலம் 1973 முதலே திருநெல்வேலிச் சந்திப்பில் இருப்பதால் நமக்கு அது அதிசயமாகத் தோன்றாது.

இத்தனை பொருளையும் உழைப்பையும் கொட்டிய பாதையின் பயன், நிலையத்தின் வாயிற்படியிலே தீர்மானமாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசியபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். தூண்களின்மேல் மெட்ரோ வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன; பரங்கிமலை நிலையத்தை அடையும் வழியிலோ வெள்ளம் தேங்கிவிட்டது. பிரயாணிகள் ஆலந்தூருக்குப் போய் ஏறிக்கொள்ளும்படி அறிவிக்க நேர்ந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து இதே ஸ்ரீவைகுண்டத்தில் நடந்ததை இச்சபையில் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நீங்களே கண்ணாரக் கண்டவர்கள். டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி, முன்னே பாதையின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதால், நம் நிலையத்திலே நிறுத்தப்பட்டது. சுமார் 800 பேர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்தப் பிரளயத்தில், தாங்களே வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த புதுக்குடி ஜனங்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். அன்று வண்டியை மேட்டில் நிறுத்திவைத்த நிதானம் ரயில்வே ஊழியர்களுடையது. அன்னமிட்ட தயாளம் இவ்வூராருடையது. இரண்டையும் வணங்குகிறேன். ஆனால், ஆற்றின் போக்கை அறிந்து மதகும் மறுகாலும் வைத்த முன்னோர்களின் தேசத்தில், கரை எத்தனை உயரம், அடியில் நீர்ப்போக்கி எத்தனை அகலம் என்ற கணக்கை நேற்றைய மழையை வைத்துப் போடுவதா, நாளைய மழையை வைத்துப் போடுவதா என்ற கேள்விக்கு இந்தக் கருத்தரங்கு விடை கூறியாக வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தக் கடைமடைக் கணக்கை ஆதியிலேயே போட்டார்கள். ரயில் வேண்டுமா, பேருந்துகளே போதுமா என்று நெடுநாள் வாதித்து, 1982-ல் ரயிலே என்று தீர்மானித்து, 1987 நவம்பரில் முதல் ஐந்து நிலையங்களைத் திறந்தார்கள். ஓடத் தொடங்கிய வேகத்தைவிட நான் மெச்சுவது பிற்பாடு செய்த காரியங்களை: அரசுக் குடியிருப்புகளை நிலையங்களை ஒட்டி எழுப்பினார்கள், ரயிலோடு போட்டியிட்ட பேருந்துகளைத் திருப்பி ரயிலுக்கு ஆள் சேர்க்கும் பேருந்துகளாக்கினார்கள், மழை வெயிலில் நனையாமல் காயாமல் வீட்டுவாசலிலிருந்து நிலையத்துக்கு நடந்துவரக் கூரையிட்ட நடைபாதை போட்டார்கள். நம் சென்னையில் ரயில் ஒருவர் கையில், மெட்ரோ இன்னொருவர் கையில், பேருந்து மூன்றாமவர் கையில். மூவரையும் ஓர் அவையில் அமர்த்துவதற்கான ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010-ல் பிறந்தும், அக்குழுமத்தின் முதற்கூட்டம் 2022-ல்தான் நடந்தது. மூன்றுக்கும் ஒரே சீட்டு என்ற சௌகரியம் கைப்பேசி வழியாக 2025-ல் வந்தது. வந்தவரை சந்தோஷம்.

இனி நம் ஜில்லாவுக்கு வருகிறேன். கோவை, மதுரை மெட்ரோத் திட்டங்களை மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2011-ஆம் ஆண்டு எடுத்த கணக்கைக் கொண்டு 2025-ன் நகரத்தை அளப்பது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம். எனினும் அந்த வழக்கை அந்நகரத்தார் நடத்திக்கொள்வார்கள். அதே கணக்கில் 4.73 லட்சம் பேர் மட்டுமே கொண்ட திருநெல்வேலி, சுரங்க ரயிலுக்கு ஆசைப்படுவது வீண். ஆசைப்படவும் தேவையில்லை. மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் என்று நான்கு திசைக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு நம்மிடம் இருக்கிறது. 1923-ல் திறந்த திருச்செந்தூர்ப் பாதை இன்று அகலப்பாதையாகி, மின்மயமுமாகிவிட்டது. கல்விச்சாலைகள் நிறைந்த பாளையங்கோட்டையும், செய்துங்கநல்லூரும், ஸ்ரீவைகுண்டமும், நாசரேத்தும் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. இருந்தும் விடியற்காலையில் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகள் பேருந்தின் படியிலே தொங்குகிறார்கள். ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஒன்றையொன்று விலகிச் செல்லும் நிலையங்களைப் பெருக்கி, காலையிலும் மாலையிலும் குறுகிய இடைவெளியில் சிறு மின்சார வண்டிகளை விட்டால், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கைக்கொண்டே இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரு விரைவுப் பாதை கிடைத்துவிடும். அதற்கும் ஒரு கடைமடை உண்டு. நம் நிலையம் தென்கரையில் புதுக்குடியில்; ஊரோ வடகரையில். வண்டி வந்து நிற்கும் வேளைக்கு ஆற்றைக் கடக்க ஒரு சிறு பேருந்து காத்து நிற்காவிட்டால், மேலே சொன்ன யோசனை அத்தனையும் காகிதத்தோடு போகும்.

ஆகவே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வரைபடங்களில் பாதையின் வேகத்தையும் தூணின் இடைவெளியையும் குறித்திருப்பீர்கள். அத்தோடு, ஒரு கிழவியும் ஒரு கைக்குழந்தைக்காரியும் வீட்டுவாசலிலிருந்து உங்கள் நிலையத்துக்கு எவ்வழியே, எத்தனை நிமிஷத்தில், எதில் வந்து சேருவார்கள் என்பதையும் கூறிவிட்டே கீழே இறங்குங்கள். மாநாட்டின் இறுதியில் நிறைவேற்றும் தீர்மானத்தில், திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் நகரத் திட்டங்களில் ஒவ்வொரு ரயில் நிலையத்தையும் சுற்றிப் பேருந்து நிற்கவும் ஜனங்கள் நடக்கவும் வேண்டிய நிலத்தை, விலை ஏறுமுன்னரே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கும் ஒரு வாசகத்தைச் சேர்க்குமாறு தீர்மானக் குழுவினரை வேண்டுகிறேன். இப்போது முதல் அமர்வு தொடங்கட்டும். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.