புல்டோசர் வராமலேயே காலியாகும் தெருக்கள்



கூவம் கரையில் குடிசைகளை இடித்தால் பத்திரிகையாளர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். நாமும் கொடி பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஓட வேண்டியதுதான். ஆனால் திருவல்லிக்கேணியில் நாற்பது வருடம் குடியிருந்த ஒரு குடும்பம், ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல், ஒரு சாயங்கால வேளையில் பீரோவையும் கட்டிலையும் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறதே, அன்று யார் வந்தார்கள்?

இடிக்கப்பட்டவருக்குப் பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டையாவது ஒதுக்குகிறார்கள். அங்கே 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில் என்ற கொடுமை அங்கே இருக்கிறது. அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். வாடகையால் விரட்டப்பட்டவருக்கோ அந்த ஒதுக்கீடும் கிடையாது. டோக்கன் இல்லை, கணக்கெடுப்பு இல்லை. "அவராகவே காலி செய்துவிட்டுப் போனார்" என்பதோடு முடிந்தது!

ஏன் இப்படி ஏறுகிறது? 1795-ல் பெரிய பள்ளிவாசல் எழும்பிய ஊர் இது. ஜாம்பஜார், மீர்சாகிப்பேட்டை, ஐஸ் ஹவுஸ், ராயப்பேட்டை என்று உழைப்பாளிகள் வாழ்ந்த தெருக்கள். 1990-களில் பறக்கும் ரயில் வந்தது. 2010-ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. 2018-ல் அண்ணா சாலையின் அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ரயில் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மக்களின் வரிப்பணத்தில் போட்ட ரயில். அதனால் உயர்ந்த மனை மதிப்பு யாருடைய பையில் விழுகிறது என்றுதான் கேட்கிறோம். எட்டுக் குடும்பம் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டை பில்டர் இடிக்கிறார். அங்கே எட்டு பிளாட் எழும்புகிறது. கீழே கார் நிறுத்த இடமும் இருக்கிறது. பழைய எட்டுக் குடும்பத்தில் ஒன்றாவது அதில் இருக்கிறதா? சொல்லுங்கள் பார்ப்போம்!

பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியிருந்த பழைய வீடுகளுக்கும் இதே கதிதான். அங்கே வாடகைக்கு இருந்தவரும் தாம்பரத்துக்கு அப்பால்தான் போகிறார். பணத்துக்கு மதம் கிடையாது.

ஆனால் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் பூட்டு இருக்கிறது. பெயரைக் கேட்டதும் "வீடு விட்டாச்சு" என்கிறார்கள். "சைவம் மட்டும்" என்று புரோக்கர் போனிலேயே சொல்லிவிடுகிறார். ஆக, நாம் வீடு தேடக்கூடிய தெருக்கள் ஏற்கனவே குறைவு. குறைவான தெருவில் கூட்டம் சேர்ந்தால் வாடகை ஏறாமல் என்ன செய்யும்? இது வீட்டுக்காரருக்குத் தெரியும். கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: அந்தத் தெருக்களில் வீட்டுக்காரர்களில் பலர் நம்மவர்கள்தான். "இவன் வேறெங்கே போவான்" என்று தெரிந்தே ஏற்றுகிறார்கள். மற்றவர் வீடு தரவில்லை என்று மேடையில் குமுறும் நாம், இவர்களை ஜமாஅத்தில் உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா?

அடுத்தது சட்டம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்று இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டு மனுப் போடலாம். புதியதில் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சொன்ன சட்டமே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு சந்தையும் விட்டு வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்யக் கேட்க வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி வாப்பா காலத்திலிருந்து குடியிருக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்! உங்களைத்தான் சொல்கிறேன்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அரசு ஊழியர்களுக்காக வீட்டு வசதி வாரியம் சென்னைக்குள்ளேயே வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. மீன் விற்கும் தாய்க்கும், தையல் கடைத் தொழிலாளிக்கும் ஏன் கட்டக்கூடாது? சொந்த வீடு கேட்கவில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், தாங்கக்கூடிய வாடகையில் ஒரு வீடு கேட்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதை முதலில் கேளுங்கள்.

அதுவரை உங்கள் கையில் உள்ளதைச் செய்யுங்கள். ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் சேர்ந்து வர மறுத்தால், உங்கள் தரப்பு விவரத்தைத் தனியாகவே தாக்கல் செய்யலாம். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அதே அதிகாரியிடம் முறையிடுங்கள். சட்டம் அதைத் தடுக்கிறது. ரசீது தராத வீட்டுக்காரருக்கு இந்த மாதத்திலிருந்தே வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அந்தப் பாஸ்புக் உங்களுக்காகப் பேசும்.