நான்கில் ஒன்று என்றால் என்ன?
(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மரபியல் பாடத்தை நாம் மெண்டலிடமிருந்துதான் தொடங்குகிறோம். நெட்டைச் செடி, குட்டைச் செடி, நான்கு கட்டங்கள், 3:1 விகிதம். மாணவர்கள் இதைத் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த விகிதத்தின் பொருள் அவர்களுக்குப் புரிந்திருக்கிறதா? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மெண்டலின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1866-இல் வெளியான அவரது கட்டுரையில், உருண்டை விதை, சுருங்கிய விதை கலப்பின் இரண்டாம் தலைமுறையில் 7,324 விதைகள். அவற்றில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. விகிதம் 2.96:1. ஏழாயிரம் விதைகளுக்கு மேல் எண்ணியும் சரியாக மூன்று வரவில்லை. காரணம், இது வாய்ப்பின் கணக்கு. ஒரு பண்புக்குரிய இரண்டு அல்லீல்களில் ஒன்றுதான் கேமீட்டுக்குள் செல்கிறது. எது செல்லும் என்பது பூவா தலையா போடுவது போலத்தான்.

ஆகவே வகுப்பில் நாணயத்தையே கொடுத்துவிடலாம். இருவர் கொண்ட குழுவுக்கு இரண்டு நாணயங்கள். ஒன்று தந்தை, மற்றொன்று தாய். இருவருமே கலப்புயிரிகள். தலை விழுந்தால் ஓங்கு அல்லீல், பூ விழுந்தால் ஒடுங்கு அல்லீல். இரண்டிலும் பூ விழுந்தால் மட்டுமே ஒடுங்கு பண்பு வெளிப்படும். நான்கு முறை சுண்டினால் நான்கு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம்.

முடிவுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். கணக்குப்படி, இத்தகைய 100 குடும்பங்களில் ஏறத்தாழ 42-இல்தான் சரியாக ஒரு குழந்தைக்கு அப்பண்பு வரும். 32-இல் ஒருவருக்கும் வராது. மீதி 26-இல் இருவருக்கோ அதற்கு மேலோ வரும். எல்லாக் குழுக்களின் முடிவுகளையும் கூட்டினால் 3:1 தலைகாட்டும்.

இதற்கு ஏன் இத்தனை அழுத்தம் தருகிறேன்? நீலகிரி மலைவாழ் மக்களிடம் கதிர் அரிவாள் இரத்த சோகைக்கான மரபணு இருப்பது 1952-இலேயே கண்டறியப்பட்டது. இது ஒடுங்கு தன்மையுடைய நோய். ஒரு மரபணு மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். தாம் கடத்தி என்பதே அவருக்குத் தெரியாது. மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது ஒரு தாய் கேட்டார்: "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு பாடத்துல இருக்காமே சார். மூத்தவனுக்கு வந்துடுச்சு. இனிமே பொறக்கிறதுக்கு வராதுங்களா?"

கட்டங்களை மட்டும் கற்பித்தால் இப்படித்தான் பொருள்கொள்வார்கள். நாணயத்துக்கு முந்தைய வீச்சு நினைவில் இருப்பதில்லை. பெற்றோர் இருவரும் கடத்திகள் என்றால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு புதிதாகவே உண்டு. இதை அவரிடம் விளக்கி, மருத்துவமனைக்குச் சென்று ஆலோசனை பெறச் சொன்னேன்.

பால் நிர்ணயமும் அப்படியே. தாயின் அண்டம் எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. தந்தையின் விந்துச் செல்தான் எக்ஸ் அல்லது ஒய்யைக் கொண்டுவருகிறது. மூன்று பெண்களுக்குப் பின் பிறப்பது ஆணாக இருக்கும் வாய்ப்பு அப்போதும் ஏறத்தாழ பாதிதான். பெண்ணாகவே பெற்றாள் என்று தாயைப் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை. தந்தையையும் பழிக்க முடியாது. எது செல்ல வேண்டும் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இதை நம் மாணவர்கள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், பள்ளியிலேயே உணர வேண்டும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நாக்கை மடிக்க அப்பாவுக்கு வருமா, அம்மாவுக்கு வருமா என்று பார்த்து வா" என வீட்டுப்பாடம் தர வேண்டாம். அது ஒரே மரபணுவால் அமையும் பண்பு அல்ல. ஒத்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. மேலும், தத்தெடுக்கப்பட்ட குழந்தையும் பெற்றோரை இழந்த குழந்தையும் நம் வகுப்பில் இருக்கலாம். அவரை விதைகளின் நிறத்தையும் வடிவத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அதுவே போதும்.

அடுத்த தேர்வில் கட்டம் வரையும் வினாவோடு இதையும் சேருங்கள்: "முதல் குழந்தைக்கு நோய் உள்ளது. இரண்டாவது குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? ஏன்?" அந்த "ஏன்" என்பதற்கு மாணவர் எழுதும் விடையே, பாடம் சென்று சேர்ந்ததா என்பதை நமக்குச் சொல்லிவிடும்.