ஐம்பது ஓய்வு வயது அல்ல
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



தெஹியோவிட்டத் தோட்டங்களில் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் நம்மைப் படிக்கவைத்த அம்மாமாரைப் பற்றியே பேசவந்தேன். "ஐம்பது வயதாகிவிட்டது, இனி வேலை இல்லை" என்று சொன்னால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அவர்கள்.

பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம் என்பது சலுகை. வேலையை விடவேண்டும் என்ற கட்டளை அல்ல. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் தனியார் துறையில், 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி நிறுத்த முடியாது.

பிறகு அதே மலையில் கைக்காசுக்கு எடுத்தாலும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும். ஐந்து வருடம் உழைத்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. அது வேலை முடிந்து 30 நாளுக்குள் வரவேண்டும்.

சகோதரிகளே, இந்தப் பாடசாலை நமக்கு எழுத்தறிவித்தது. அம்மா ஒப்பம் வைக்குமுன் அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். அநியாயம் என்றால் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். நாம் படித்ததற்கு அதுவே பயன்.