கண்ணாடி இழைப் படகு: எம்முறையிற் கட்டுவது?



முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய், மேற்கே நாச்சிக்குடா ஆகிய கரைகளில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகளுட் பெரும்பாலானவை இன்று மரத்தாலானவை அல்ல. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்து ஆக்கியவை அவை. பலவும் ஏறக்குறைய 18 அடி நீளம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் தோன்றிய சீநோர், வடபுலத்தில் இத்தொழிலுக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற போரும் வன்னிக் கரையோரத்தாரின் படகுகளைக் கொண்டுபோயின. கடன்பட்டு மீண்டும் படகு வாங்குபவனுக்கு, அது எம்முறையிற் கட்டப்பட்டது என்பது உயிரோடு தொடர்புடைய வினா.

இழைப்பொருள் செய்யும் முறைகள் பல. இரு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும் முறை, ஒரே வடிவான உறுப்புகளை ஆயிரக்கணக்கில் ஆக்குவோர்க்கு உரியது. இழையைச் சுற்றிச் சுற்றி ஆக்குவது குழாய்க்கும் தாங்கிக்கும் ஏற்றது. படகுக்கு எஞ்சுபவை முக்கியமாக இரண்டு.

முதலாவது கைமுறை. அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி, நிறப்பூச்சுப் பிசின் தடவி, இழைப்பாயை விரித்துத் தூரிகையாற் பிசினூட்டி, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள். இரண்டாவது வெற்றிட முறை. உலர்ந்த பாய்களை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் விரிப்பை மூடி, ஓரங்களை அடைத்து, பம்பியாற் காற்றை இழுத்தால் பிசின் தானே உள்ளே பாயும். கைமுறையில் பாய் இட்ட படகின் எடையில் கண்ணாடி சுமார் 30 வீதம். வெற்றிட முறையில் 60 வீதத்துக்கு மேலும் செல்லும். பிசின் ஆவியும் தொழிலாளியின் மூச்சில் அவ்வளவு ஏறாது.

அப்படியாயின் இரண்டாவதே மேல் எனத் தீர்ப்பளித்துவிடலாமா? பொறுங்கள். கண்ணாடி ஒரே அளவாயின், பிசின் குறைந்த ஓடு மெல்லியதாகும். தடிப்புப் பாதியானால் வளையாமல் நிற்கும் வலிமை, பொருள் ஒன்றே எனின், எட்டிலொன்றாகக் குறையும். செறிந்த கண்ணாடி அதனை ஓரளவே ஈடுசெய்யும். நடுவே இலேசான உள்ளீடு வைத்தால் குறை தீரும். ஆனால் மணலில் இழுபட்டு ஓடு கீறினால் அதனுள் நீர் புகும். மேலும், பிசின் ஓடும் வேளையில் மின்சாரம் நின்றாலோ, விரிப்பில் ஊசித்துளை விழுந்தாலோ, முழுப்படகுமே வீணாகலாம். விரிப்பையும் குழாய்களையும் ஒவ்வொரு தடவையும் எறிந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். உடைந்த படகை வாடியருகே செப்பனிடுபவன் கையாற்றான் செப்பனிடுவான். கைமுறையிற் கட்டிய ஓட்டுக்கு அதே பாயும் அதே பிசினும் போதும்.

ஆகவே வன்னிக் கரைக்குக் கைமுறையே தகும் என்பது என் துணிபு. பம்பிக்குச் செலவிடும் பணத்தை நல்ல கொட்டகைக்கும் ஒரு தராசுக்கும் செலவிடலாம். ஈரமேறிய பாயிற் பிசின் ஒட்டாது. வாடைக்காலத்து மழையில் இது பெரும் இடர். வெயிற் காலத்திலோ பிசின் விரைவில் இறுகிவிடும். அதற்கஞ்சி, ஊக்கியை உற்பத்தியாளர் விதித்த கீழெல்லைக்கும் குறைப்பவர் உளர். அந்தப் படகு வெளியே பளபளக்கும். உள்ளே என்றும் முழுமையாக இறுகாது. விடியற்காலையில், நிழலில், சிறிது சிறிதாகக் கலப்பதே வழி. ஊக்கியையும் கோபாற்று விரைவுபடுத்தியையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கலாகாது; தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

வாங்குவோர் உட்புறத்தைப் பார்க்கட்டும். வெண்மையாய்த் தெரியும் இழை, பிசின் படாத இழை. நீர் வடியும் துளைக்காக வெட்டியெடுத்த வட்டத்துண்டைக் கேட்டு வாங்கித் தடிப்பை அளக்கலாம். அதனை நிறுத்து, திறந்த வெளியிற் புகைபடாமல் விலகி நின்று எரித்தால் பிசின் போகும், கண்ணாடி எஞ்சும். மீண்டும் நிறுத்தால், கொடுத்த பணத்துக்கு எவ்வளவு கண்ணாடி கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.