பாம்பு கண்டதும் கருடன் கண்டதும்

நயினாதீவுக் கரைக்கு அப்பால், கடலினுள்ளே, இரு கற்கள் உள்ளன. ஒன்றைப் பாம்பு சுற்றிய கல் என்றும், மற்றையதைக் கருடன் கல் என்றும் தீவு மக்கள் வழங்குவர். அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று, அம்மனுக்குச் சாத்துதற்கென வாயிலே பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்ததாம். வானில் வட்டமிட்ட கருடன் அதனைக் கண்டு பாய்ந்தது. நாகம் அஞ்சி ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரேயிருந்த கல்லில் அமர்ந்து காத்திருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் இரண்டையும் கண்டு, நாகத்தை விட்டுவிடுமாறு கருடனை வேண்டினான். அம்மனுக்குக் கோயில் எடுப்பதாக வாக்களித்தால் விடுவதாகக் கருடன் கூறிற்று. வணிகன் இசைந்தான். கருடன் கடலில் மும்முறை மூழ்கித் தன் பழம் பகையைத் தீர்த்துக்கொண்டது. நாகபூஷணி அம்மன் கோயில் எழுந்த வரலாறாக இத்தீவில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை இது.

இக்கதையைத் தாயின் மடியிலிருந்து கேட்கும் பிள்ளை பெரும்பாலும் பாம்பின் பக்கத்தில் நின்றே கேட்கிறது. பூவைச் சுமந்து வருவது பாம்பு. ஆபத்துக்கு உள்ளாவதும் பாம்பு. ஆதலின் கருடன் கொடியது என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடும். ஆனால் கருடனுக்கும் ஒரு கதை உண்டு. அதனைப் பாரதத்தின் ஆதிபருவம் கூறுகின்றது. கருடனின் தாய் வினதை. நாகங்களின் தாய் கத்துரு. இருவரும் உடன்பிறந்தோர். ஒரு வெண்குதிரையின் வால் எந்நிறம் என்று அவர்கள் பந்தயம் கட்டினர். நாகங்கள் அவ்வாலிற் சுற்றிக்கொண்டு அதனைக் கரியதாய்க் காட்ட, வினதை தோற்றுக் கத்துருவுக்கு அடிமையானாள். தாயை மீட்பதற்காகக் கருடன் தேவருலகம் சென்று அமிர்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வஞ்சனையாலே தன் தாயை அடிமையாக்கிய குலத்தைச் சேர்ந்த ஒன்று கடலில் நீந்தி வரும்போது, கருடன் முதலிற் காண்பது எதனை? பாம்பைத்தான் காணும். அத்துணை உயரத்திலிருந்து பூ தெரிந்ததோ என்பதும் ஐயமே.

வணிகனின் நோக்கோ வேறு. அவன் நாகர் குலத்தவனும் அல்லன். கருடன் குலத்தவனும் அல்லன். அஞ்சி ஒடுங்கிய உயிர் ஒன்றும், சினந்து காத்திருக்கும் உயிர் ஒன்றும் எதிரெதிரே இருப்பதை அவன் கண்டான். நிகழ்ச்சி ஒன்று; கண்டவர் மூவர்.

ஒரே நிகழ்ச்சியை இவ்வாறு பல கண்களாற் காட்டும் சித்திர நூல்கள் உலகின் பல மொழிகளிற் சிறுவர்க்கென வெளிவந்துள்ளன. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் என்னும் அம்மையார் 'ரோசியின் உலா' என்று பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். பெட்டைக்கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி உலாவி வருகிறது. எழுத்திலே அவ்வளவே உண்டு. சித்திரத்திலோ ஒரு நரி பக்கந்தோறும் பின்தொடர்ந்து, பாய்ந்து, ஒவ்வொரு முறையும் இடருக்குள்ளாகிறது. எழுத்து நரியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கோழி அறிந்தது ஒன்று. நரி பட்டது ஒன்று. இரண்டையும் ஒருங்கே காண்பது நூலை விரித்த பிள்ளை மட்டுமே.

1998ஆம் ஆண்டில் அந்தனி பிரவுன் என்பார் 'பூங்காவிற் குரல்கள்' என்று பொருள்படும் நூலை வரைந்தார். செல்வச் சீமாட்டி ஒருத்தி தன் மகனுடன் பூங்காவுக்கு வருகிறாள். வேலையற்ற தந்தை ஒருவரும் தம் மகளுடன் அங்கே வருகிறார். அன்றைய பொழுதை நால்வரும் தனித்தனியே சொல்கின்றனர். சீமாட்டிக்கு அச்சிறுமி பண்பறியாத முரட்டுப் பெண். சீமாட்டியின் மகனுக்கோ அவளே அன்று கிடைத்த தோழி. சொல்வோர் மாறுந்தோறும் பூங்காவின் பருவமும் நிறமும் எழுத்தின் வடிவுங்கூட மாறுகின்றன. 2016இல் பிரெண்டன் வென்செல் வரைந்த அமெரிக்க நூலொன்றில் ஒரு பூனை நடந்து செல்கிறது. சிறுவன் காணும் பூனை மெல்லியது. எலி காணும் பூனை பல்லும் நகமும் கொண்ட பூதம். தெள்ளுப்பூச்சிக்கு அது ஓர் உரோமக் காடு. இறுதியில் நீரிலே தன் நிழலைப் பூனை தானே காண்கிறது.

சிறு பிள்ளைகள் இத்தகைய நூல்களை விளங்கிக்கொள்வரோ எனப் பெற்றோர் சிலர் ஐயுறலாம். இவ்வையம் அறிஞர்க்கும் இருந்தது. ஜெனீவாவிலே பியாஜே என்னும் உளவியலாளர், மூன்று மலைகளின் மாதிரியுருவைச் சிறுவர் முன்னே வைத்து, எதிர்ப்புறத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி, பொம்மைக்கு எது தெரியும் என்று வினவினார். சிறியோர் பலரும் தமக்குத் தெரிந்ததையே பொம்மைக்கும் தெரிவதாகக் காட்டினர். பிறர் நோக்கைச் சிறுவர் அறியார் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. பின்னர், 1970களில், மார்ட்டின் ஹியூஸ் என்னும் ஆய்வாளர் எடின்பரோவில் அதே வினாவை வேறு வகையில் வினவினார். மலைகளுக்குப் பதிலாகச் சுவர்களையும், பொலிஸ்காரப் பொம்மையையும், அவர் கண்ணிற் படாமல் ஒளிக்க வேண்டிய சிறுவன் பொம்மையையும் கொடுத்தார். மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளிற் பெரும்பாலோர் சரியாகவே ஒளித்து வைத்தனர். கண்ணாம்பூச்சி விளையாடத் தெரிந்த பிள்ளைக்குப் பிறர் கண் எங்கே பார்க்கும் என்பது தெரியும். ஆற்றல் முன்னரே உண்டு. அதனைத் தூண்டுவதற்கு ஒரு கதை வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சிங்களச் சிறுவர் இலக்கியத்திற் புகழ்பெற்ற சிபில் வெத்தசிங்க அம்மையார் 1956ஆம் ஆண்டில் 'குட ஹொரா', அதாவது 'குடைத் திருடன்' என்னும் சித்திர நூலை வெளியிட்டார். குடையையே கண்டறியாத கிராமத்தவர் ஒருவர் நகரத்திற் குடை வாங்கி வருகிறார்; ஊர் திரும்பியதும் அது களவு போகிறது. மீண்டும் மீண்டும் அப்படியே நிகழ, குடைக்குள்ளே கடதாசித் துண்டுகளை மறைத்து வைத்து, அவை சிந்திய வழியே சென்று காட்டு மரமொன்றில் குடைகள் எல்லாம் தொங்குவதைக் காண்கிறார். திருடியது ஒரு குரங்கு. அவர் குடைகளை எடுத்துக்கொள்ளும்போது ஒன்றை மட்டும் திருடனுக்கென விட்டுச் செல்கிறார். உடைமை உரியவரிடம் மீள்கின்றது. குரங்கின் ஆசையும் மதிக்கப்படுகின்றது. பிறர் நோக்கு என்பது யாதென்று விளக்க, அவ்வொரு குடை போதும்.

நயினாதீவுக்கு மீள்வோம். பாம்பும் கருடனும் பற்றிய கதையோடு, மணியாசனக் கதையும் அத்தீவோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது. மகாவம்சத்தின்படி, மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் மணிகள் இழைத்த ஆசனம் ஒன்றின் பொருட்டுப் போருக்கு எழுந்தனர். அவர்கள் மாமனும் மருகனும் ஆவர். புத்தர் அவ்விடம் தோன்றி அவர்களைச் சமாதானப்படுத்தினார். இருவரும் ஆசனத்தை அவருக்கே அளித்தனர். அவர் அதனை வழிபாட்டுக்கென நாகர்களிடமே விட்டுச் சென்றார். சீத்தலைச் சாத்தனார் பாடிய மணிமேகலையும் அதே சண்டையைச் சொல்கின்றது. அங்கே அரசர்களுக்குப் பெயரில்லை, உறவும் கூறப்படவில்லை. இருவராலும் பீடிகையைத் தூக்கவும் இயலவில்லை. அதனை விட்டு நீங்கவும் மனமில்லை. அது தமக்கே உரியதென்று கூறிப் புத்தர் அதன்மீது அமர்ந்து அறம் உரைத்தார். பின்னொரு காலத்தில் மணிபல்லவத் தீவிலே தனித்து விடப்பட்ட மணிமேகலை என்னும் இளம்பெண் அப்பீடிகையைக் கண்டபோது, அரசரும் இல்லை, படையும் இல்லை. அவள் அங்கே தன் பழம்பிறப்பை அறிந்தாள். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியையும் பெற்றாள். அரசர்க்கு உரிமைப் பொருளாயிருந்த ஆசனம் ஏழைப் பெண்ணொருத்திக்கு அறத்தின் வாயிலாயிற்று.

மகாவம்சம் கூறும் நாகதீபம் நயினாதீவே என்பது பௌத்த யாத்திரிகரின் நம்பிக்கை. மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என அறிஞர் சிலர் கொள்வர், சிலர் மறுப்பர். அவ்வாராய்ச்சியின் முடிவு எதுவாயினும் சிறுவர்க்கு வேண்டிய பாடம் தெளிவாகவே உள்ளது. பாளி நூலும் தமிழ் நூலும் ஒரே சண்டையைச் சொல்கின்றன. ஆயினும் சண்டை தீர்ந்த வகை இரண்டிலும் வேறு.

தீவுகளின் பெயர்களும் நோக்குகளைக் காட்டுவனவே. நெடுந்தீவு என்று தமிழர் அழைத்த நிலத்துக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி டெல்ஃப்ட் என்றனர். ஊர்காவற்றுறை என்பதில் ஊரைக் காக்கும் துறை என்னும் பொருள் தொனிக்கின்றது. கயிட்ஸ் என்பதோ கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். கரையில் நின்றவர் ஒரு பெயர் இட்டார். கப்பலில் வந்தவர் ஒரு பெயர் இட்டார்.

இன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகில் ஏறுவோரிடையே இருவகைப் பிள்ளைகள் உளர். ஒருவகையினர் அம்மனைத் தரிசிக்க வருவோர். மற்றையோர் தெற்கிலிருந்து நாகவிகாரையை வழிபட வருவோர். ஒரே பலகையில் அருகருகே அமர்வர். கோயிலும் விகாரையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லும் தூரத்தில் உள்ளன. ஆயினும் தமிழ்மொழியிற் கற்கும் பிள்ளையும் சிங்களமொழியிற் கற்கும் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு வகுப்பறைகளில், வெவ்வேறு புத்தகங்களோடு வளர்கின்றனர். கருடனையும் பாம்பையும் அறியாத பிள்ளை ஒருபுறம். மகோதரனையும் சூளோதரனையும் அறியாத பிள்ளை மறுபுறம்.

அப்படகும் எல்லார்க்கும் ஒன்றன்று. யாத்திரை வரும் பிள்ளைக்கு அது திருவிழாவின் தொடக்கம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. அங்குள்ள முதியோர்க்கோ அதனினும் கனத்த நினைவு ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் கடலிலேயே கொல்லப்பட்டனர். அத்தீவிலே படகொன்றின் சித்திரத்தைப் பிள்ளைக்குக் காட்டும் பாட்டியின் குரல் தழுதழுத்தால், காரணம் அதுவாக இருக்கக்கூடும். அருகமர்ந்து வரும் பிள்ளை இதனை அறியாது. அறிவிக்க எவரும் இல்லையென்றால் ஒருநாளும் அறியாது.

இங்கே தக்கதொரு தடை எழலாம். எல்லார்க்கும் ஒரு பக்கம் உண்டென்று பிள்ளைகட்குக் கற்பித்தால், நன்மை தீமை என்னும் வேறுபாடே மங்கிவிடாதா? 1989இல் ஜோன் சீஸ்கா எழுதிய அமெரிக்கச் சித்திர நூலொன்றில், மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாயே சிறையிலிருந்து சொல்கின்றது. தான் சீனி கடன் வாங்கச் சென்றதாகவும், தடிமனால் தும்மியபோது வீடு தானே விழுந்ததாகவும் அது சாதிக்கின்றது. அதனைக் கேட்ட பிள்ளைகள் ஓநாயை நம்பிவிடுவதில்லை. இது உண்மையா, சாட்டா என்று ஆராய்கின்றனர். கேட்டல் வேறு, ஒப்புக்கொள்ளல் வேறு. நோக்குகள் பல என்பதனாற் கொலை கொலையல்லாது போய்விடாது. கொலையுண்டாரின் கதையையும் கேட்டாலன்றி நீதி பிறவாது என்பதே இதன் பயன்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழர்க்குச் சிலப்பதிகாரம் என்றோ சொல்லிவிட்டது. பாண்டியன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்டானல்லன். கண்ணகி சிலம்பை உடைத்து மறுபக்கத்தைக் காட்டிய பின்னரே உண்மை தெரிந்தது. அதற்குள் ஓருயிர் போய்விட்டது. அரசர்க்கும் நேர்ந்த இப்பிழையை இளமையிலேயே தவிர்க்கப் பழக்குவது சிறுவர் நூலின் கடமைகளுள் ஒன்றாகும்.

நயினாதீவுக் கதை சித்திர நூலாக வரையப்படுமாயின், பாம்பின் பக்கங்களில் அலைகள் மலைகளாக உயர்ந்து நிற்றல் வேண்டும். வானம் முழுவதும் ஒரு சிறகின் நிழலாக இருத்தல் வேண்டும். கருடனின் பக்கங்களிற் கடல் விரித்த நீலத்துணியாகவும், பாம்பு அதன்மேற் கிடக்கும் ஒரு நூலாகவும், பூ கண்ணுக்கெட்டாத ஒரு புள்ளியாகவும் தோன்றுதல் வேண்டும். வணிகனின் பக்கத்திலே இரு கற்களும் ஒத்த அளவினவாய் வரையப்படல் வேண்டும். எழுத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடலாம். மணியாசனக் கதையை அதே நூலின் மறுபுறத்திலிருந்து தொடங்கலாம். படகிலே அருகருகே இருக்கும் இரு பிள்ளைகளும் ஒரே நூலை இரு தலைப்பிலிருந்தும் வாசிக்கலாம்.

அத்தகைய நூல் வரும்வரை ஆசிரியரும் பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. தீவுப்பகுதிப் பாடசாலைகளிலும், சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகளிலும் ஒரு தாளும் சில வண்ணக்கோல்களும் கிடைத்தாற் போதும். தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதியிற் பாம்பு கண்டதையும், மறுபாதியிற் கருடன் கண்டதையும் பிள்ளைகள் வரையட்டும். பின்னர், அவர்கள் விளையாட்டிலே சண்டையிட்டு அழுதுகொண்டு வரும்போது, குற்றவாளி யார் என்று வினவுமுன், மற்றவன் இதனை எப்படிச் சொல்வான் என்று வினவலாம். முதலிற் பிள்ளை விடை கூற மறுக்கும். இரண்டாம் முறை முணுமுணுக்கும். மூன்றாம் முறை, விருப்பமின்றியேனும், மற்றவனின் கதையைத் தன் வாயாலேயே சொல்லத் தொடங்கும்.